விற்ற பிறகும் தொடரும் உரிமை

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் நிலம் வாங்கி சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்களுக்கு அந்தப் பணம் ஓவியம் விற்று வரவில்லை. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலான கைவேலைகளைச் செய்து விற்றார்கள். கடற்கரை மணலில் வீடு கட்டிக்கொள்ள அந்த வருமானம்தான் உதவியது. நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குபவர் சென்னையில் அன்று மிகச் சிலர். அடுப்பெரிய ஓவியம்தான் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால், வாங்குபவரின் சோபா நிறத்துக்கு ஏற்ப யாரும் வரைய வேண்டியிருக்கவில்லை. ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார்கள். அதுவும் இதே வழிதான்.

அந்த ஏற்பாடு நமக்கு அரிய படைப்புகளைத் தந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது நம்மிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. பிழைப்பு ஓரிடம், படைப்பு ஓரிடம் என்று பிரித்துக்கொண்ட நாம், படம் விற்பதை எப்போதாவது வந்து சேரும் அதிர்ஷ்டமாகவே நினைக்கிறோம். அதிர்ஷ்டத்துக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை. முப்பது ஆண்டுகள் வரைந்த ஒருவரிடம் இதுவரை விற்ற படங்கள் எவை, யாரிடம் இருக்கின்றன, என்ன விலைக்குப் போயின என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. நம் ஓவியர்கள் இழப்பதில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

கண்காட்சி வாசல்களில் நம்மவர்கள் சொல்லும் அனுபவங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. விலையைக் கேட்டதும் வாய் குழறுகிறது. மனதில் நாற்பதாயிரம் என்று வைத்திருந்த படத்துக்கு இருபத்தைந்து என்று சொல்லிவிடுகிறோம். வந்தவர் இருபதுக்குக் கேட்கிறார். தெரிந்தவராயிற்றே என்று தலையாட்டுகிறோம். சட்டம் போட்ட செலவும் வண்டி வாடகையும் போக மிஞ்சுவது வண்ணம் வாங்கக்கூடக் காணாது. கேலரி வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அரங்கு, விளக்கு, அழைப்பிதழ், வாங்குவோர் தொடர்பு எல்லாம் அவர்களுடையது என்பதால் அந்தப் பங்கை நான் குறை சொல்லமாட்டேன். வாய்வார்த்தையாகப் படங்களைக் கொடுத்துவிட்டு வருவதைத்தான் குறை சொல்வேன். படம் விற்றதா, கிடங்கில் கிடக்கிறதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஃபோன் செய்துகொண்டிருப்பதும், திரும்பி வரும்போது மூலை கிழிந்திருந்தால் யாரைக் கேட்பது என்று விழிப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு அதில் பாதி என்று விற்பவர் தன் விலையைத் தானே கெடுத்துக்கொள்கிறார். அடுத்த முறை அந்த கேலரி அவரை அழைக்காது. முதல் விலைக்கு வாங்கியவரும் ஏமாந்ததாகவே நினைப்பார்.

நேரடி விற்பனை வேண்டுமென்பவர்கள் பெங்களூருவின் சித்ர சந்தையைப் பார்க்க வேண்டும். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையையே ஓவியர்களுக்குத் திறந்துவிடுகிறது. சுருட்டிய கேன்வாஸோடு நம் ஊரிலிருந்தும் பலர் போகிறார்கள். அங்கே வாங்க வருபவர்களில் நடுத்தரக் குடும்பத்தினர் நிறைய. ஆயிரம் ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்சத்துக்கும் கிடைக்கும். பேரம் உண்டு, வெயில் உண்டு. வரைந்தவரே எதிரில் நின்று பேசுவதைக் கேட்டு ஒரு குடும்பம் முதல்முறையாக மூலப் படம் ஒன்றை வாங்கிப் போகிறதே, அதற்கு ஈடு இல்லை. சென்னையில் இப்படியொரு நாள் ஏன் இல்லை என்பது அகாதெமிகளும் மாநகராட்சியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

சட்டத்துக்கு வருகிறேன். படத்தை விற்றால் அந்தக் கேன்வாஸ்தான் கைமாறுகிறது. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய அது வாங்கியவருக்குப் போகாது. உங்கள் படத்தை மாட்டி வைத்திருக்கும் விடுதி அதையே நாட்காட்டியாக அச்சடிக்க வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். உருவப்படம் வரைபவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். ஒருவர் சொல்லி, பணம் பெற்று வரையும் படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் சொன்னவர்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. முன்பணம் வாங்கும் அன்றே ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் இது மாறும்.

விற்ற படைப்பைச் சிதைப்பதும் வாங்கியவர் விருப்பம் அல்ல. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். மிஞ்சியதைச் சிற்பியிடமே ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து வாங்கியது அரசாங்கமே ஆனாலும் படைத்தவரின் உரிமை தீர்ந்துவிடவில்லை.

நம்மவர்களில் மிகப் பலருக்குத் தெரியாத பிரிவு 53ஏ. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. மூல ஓவியமோ சிற்பமோ கோட்டோவியமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளரான படைப்பாளிக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்தத் தொகையில் பங்கு உண்டு. அதிகபட்சம் 10 விழுக்காடு. பதிப்புரிமை உள்ளவரை, அதாவது படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரை, இந்த உரிமையும் இருக்கும்.

இப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1973-இல் நியூயார்க்கில் நடந்த ஏலம் ஒன்று போதும். ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க்கின் படம் ஒன்றை 900 டாலருக்கு வாங்கியிருந்த ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் அதை 85,000 டாலருக்கு விற்றார். அரங்கிலேயே ஓவியர் அவரை மறித்துச் சண்டையிட்டார். பிரான்ஸ் 1920-இலேயே மறுவிற்பனைப் பங்கைச் சட்டமாக்கியிருந்தது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான அப்படியொரு சட்டம் இன்றும் இல்லை. தையப் மேத்தாவின் ‘செலிப்ரேஷன்’ 2002-இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனபோது இந்திய ஓவிய விலைகளின் காலமே மாறியது. உயிரோடிருந்த ஓவியருக்கு அந்த ஏலத்தில் பங்கு கேட்க அந்த ஊர்ச் சட்டத்தில் இடமில்லை.

நம் நாட்டுக்குள் சட்டம் இருந்தும் அந்தப் பங்கு கைக்கு வருவதில்லை. பங்கை நிர்ணயிக்கும் பொறுப்பு பதிப்புரிமை வாரியத்திடம் இருந்து, பிறகு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய், 2021-இல் அதுவும் கலைக்கப்பட்டு நீதிமன்றங்களிடம் வந்து நிற்கிறது. மதுரையிலோ கும்பகோணத்திலோ இருக்கும் ஓவியர் சில ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றம் ஏறுவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் தொகையை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். இருக்கிறது. ஓவியர், சிற்பிகளுக்கென்று அப்படி ஒன்று வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய நாமோ, முதல் விற்பனைக்கே சான்று வைத்திருப்பதில்லை. போலிகள் பெருகும் சந்தையில் வாரிசுகள் அசலை நிரூபிக்கத் திணறுவதும் இதனால்தான்.

ஆகவே சகக் கலைஞர்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. படம் கையைவிட்டுப் போகுமுன் முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை, வாங்கியவர் பெயர், முகவரி ஆகியவற்றோடு இரண்டு படி ரசீது எழுதுங்கள். “பதிப்புரிமையும் மறுவிற்பனைப் பங்கும் படைப்பாளிக்கு உரியவை” என்ற வரியைச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். நண்பருக்குக் கொடுத்தாலும் இதைச் செய்யுங்கள். நண்பரின் பிள்ளைகள் நாளை அதை ஏலத்துக்கு அனுப்பலாம். கேலரியில் வைக்கும்போது, விற்ற எத்தனை நாளில் பணம் வரும், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் படம் வைக்காதிருப்பதே நல்லது.

இதுவரை விற்றவற்றின் பட்டியலை, வாங்கியவர்கள் நினைவில் இருக்கும்போதே எழுதத் தொடங்குங்கள். மாதிரி ரசீதும் கேலரி ஒப்படைப்புச் சீட்டும் அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வெளியாகும். பிரித்தெடுத்து நகல் போட்டுக்கொள்ளலாம்.