முறைக்காய்ச்சலும் மடிக்கணினியும்

பிணிகளுள் நாடற்கு அரியது இடையறாது நிற்பதன்று. விட்டு விட்டு வருவதே. நிலைத்த காய்ச்சல் மருத்துவர் முன்னிலையிலும் காய்கின்றது. முறைக்காய்ச்சலோ அவர் வாயிலை அடையுமுன் தணிந்து, இல்லம் மீண்டபின் எழுகின்றது. இக்காலத்து மாணவர்தம் மடிக்கணினிகளுக்கும் இத்தகைய பிணியொன்று உண்டு. நன்கு இயங்கிக்கொண்டிருந்த வைஃபை அட்டை, யாதொரு காரணமும் தோன்றாமல் இணைப்பை விட்டுவிடுகின்றது. சில வேளை தானே மீள்கின்றது. சில வேளை கணினியை அணைத்து எழுப்பினாலன்றி மீள்வதில்லை. பழுது பார்ப்பாரிடம் கொண்டு சென்றாலோ, குற்றமற்ற நன்மாணாக்கனைப்போல் ஒழுகுகின்றது.

இதனை அற்பமென்று தள்ளுதல் ஆகாது. தமிழ் பயிலும் நமக்கே இன்று நூலகத்தின் ஒரு பகுதி இவ்வட்டையின் வழியாகவன்றோ வருகின்றது? 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்து நூல்களும், 2001இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூல்களும் அவ்வழியே நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. உதவித்தொகை விண்ணப்பமும், தேர்வுக் கட்டணமும் அவ்வழியே செல்கின்றன. அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணினியையோ, பெற்றோர் வயிற்றைக் கட்டி வாங்கித் தந்ததையோ உடைய மாணவனிடம், “பலகையையே மாற்றவேண்டும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவன் செய்வது யாது? கடன்படுவான், அன்றேல் கணினியை மூடி வைப்பான். காரணம் அறியாமை ஈண்டு ஏழை மாணவனுக்கு விதிக்கப்பட்ட வரியாகின்றது.

ஆதலின் நாம் கூறுவது இது: காரணம் தெளியுமுன் எதனையும் மாற்றலாகாது. நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் முதலை அறிந்து, பின்னரே தணிக்கும் வழி தேடவேண்டுமென்று வள்ளுவனார் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை உடலுக்கு மட்டும் உரியதன்று. மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் தீய காற்று என்பது பொருள். நெடுங்காலம் மக்கள் சதுப்பு நிலத்துக் காற்றையே பழித்து வந்தனர். 1897ஆம் ஆண்டில் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலுள் அந்நோய்க் கிருமியைக் கண்ட பின்னரே காற்று பழி நீங்கிற்று. நாமும் இணைப்பு அறுந்தவுடன் “சிக்னல் சரியில்லை” என்று காற்றையே பழிக்கின்றோம். கொசுவைத் தேடுவார் சிலரே.

தேடும் முறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ஏடு பெயர்த்தெழுதினார் செய்த பிழை, ஓரேட்டை மட்டும் நோக்குவார்க்குப் புலப்படாது. பல ஏடுகளை ஒருங்கு வைத்து ஒப்பிடுவார்க்கே புலப்படும். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் கைக்கொண்டது இம்முறையே. கணினிக்கும் அஃதே வழி. ஒன்றை மாற்றி, ஏனையவற்றை மாற்றாது நிறுத்தி, வேறுபாட்டை நோக்குக.

முதலாவது, குற்றம் யாருடையது என்று காண்க. இணைப்பு அறுந்த அப்பொழுதே, அதே வைஃபையில் இணைந்துள்ள கைப்பேசியை நோக்குக. அதுவும் அறுந்திருப்பின் அட்டை பெரும்பாலும் குற்றமற்றது. ரௌட்டரையோ அதற்கு வரும் இணைப்பையோ ஆராய்தல் வேண்டும். கைப்பேசி நிலைத்திருக்க, கணினி மட்டும் வீழுமாயின் கணினியை நாடுக. அதனை நண்பர் ஒருவரது ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பதும் நன்று.

இரண்டாவது, இடத்தை நோக்குக. வைஃபை பெரிதும் வழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இந்தியாவில் 2005 முதல் உரிமம் வேண்டாத பொது நிலம். பொதுக் குளத்துக்கு நேர்வதே அதற்கும் நேர்கின்றது. தியாகராய நகரத்து நெருங்கிய மாடிக் குடியிருப்பொன்றில் சுவர்தோறும் ஒரு ரௌட்டர் பேசுகின்றது. ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக வழக்கில் கொள்ளப்படுவனவோ 1, 6, 11 என்னும் மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அவ்வலையிலேயே இயங்குவது. யுஎஸ்பி 3.0 வகைக் கருவிகளும் அருகே செருகப்பட்டால் அவ்வரிசையில் இரைச்சலை எழுப்புவன. உணவு வேளைதோறும் இணைப்பு வீழ்ந்தால் அடுப்பை ஐயுறுக. வெளித்தட்டைச் செருகியவுடன் வீழ்ந்தால் அதனை ஐயுறுக. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாறுதல் இவ்விடர்களை நீக்கும். ஆயின் அவ்வலை சுவர்களைக் கடப்பதில் வலி குன்றியது.

மூன்றாவது, மென்பொருளை நோக்குக. மின்கலத்தில் இயங்கும்போது மட்டும் அட்டை உறங்குமாயின், மின்சிக்கனத்தின்பொருட்டு இயங்குதளமே அதனை அணைக்கின்றதெனக் கருத இடமுண்டு. அவ்வமைப்பை நீக்கிப் பார்க்கலாம். புதுப்பித்தல் ஒன்றன்பின் பிணி தொடங்கியதாயின், பழைய டிரைவருக்கு மீள்க. பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை எழுப்பிப் பார்த்தல் தலைசிறந்த சோதனை. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதற்கு உதவும். இரண்டிலும் வீழுமாயின் பிணி உடலினது; ஒன்றில் மட்டும் வீழுமாயின் அறிவுரையினது.

நான்காவதே உடல். அட்டையினின்று இரு மெல்லிய கம்பிகள் கீலின் வழியே சென்று திரையைச் சூழ்ந்த ஆன்டெனாவை அடைவது பெருவழக்கு. மூடியைத் திறக்கும் கோணம் மாறுந்தோறும் இணைப்பு வலிமை மாறுமாயின், அக்கம்பியோ அதன் முனையோ தளர்ந்திருத்தல் கூடும். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக முனைகளுக்குப் பகையாம் என்பதைச் சாளரக் கம்பிகளே சொல்லும். அட்டை தனியே கழற்றத்தக்கதாயின், மின்சாரத்தை முற்றும் நீக்கி, அதனைக் கழற்றித் துடைத்து மீளப் பொருத்துவதே போதியதாகலாம். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறவாதிருத்தல் அறிவு.

இவற்றினும் இன்றியமையாதது ஒரு குறிப்பேடு. வீழ்ந்த நேரம், இடம், மின்கலமா மின்சாரமா, அருகிருந்த கருவி யாது என்பன எழுதப்படல் வேண்டும். விண்டோஸ் 10 முதலாக இயங்குதளமே கடந்த மூன்று நாள் வைஃபை வரலாற்றைத் தொகுத்துத் தரும். மேலும், விட்டு விட்டு வரும் பிணியில் ஒரு மணி நேர நலம் சான்றாகாது. இரண்டு நாளுக்கொருமுறை வீழ்ந்தது, ஒருநாள் வீழாதிருந்தமையால் நீங்கிற்றென்று கொள்வது பேதைமை. ஒரு வாரமேனும் பொறுத்தல் வேண்டும்.

“சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபைக் கருவி கிடைக்கும்போது இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?” என்பார் உளர். ரிச்சி தெருவில் அது கிடைப்பது உண்மை; அட்டையே கெட்டதெனில் அஃது எளிய மருந்தும் ஆம். ஆயின் குற்றம் ரௌட்டரிலோ அடுப்பிலோ இருக்குமாயின், அந்தச் சில நூறும் வீணே. அதனை ஒருவர் இரவல் தந்தால் முதலில் சோதனைக் கருவியாகக் கொள்ளலாம். தேவை தெளிந்தபின் வாங்கலாம். “தமிழ் மாணவர்க்கு இஃது எதற்கு?” என்பாரும் உளர். எழுத்தாணி கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளத் தெரியாதவர் ஏடெழுதியிருத்தல் இயலுமோ?

இந்நகரத்தில் கம்பியில்லா ஒலிபரப்பைத் தொடங்கியவர் ஆர்வலர் கூடிய ஒரு கழகத்தாரே. 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் ஒலிபரப்பு எழுந்தது. பொருள் முடையால் 1927இல் அது நின்றது. அதன் கருவியை ஏற்ற மாநகராட்சி 1930 முதலும், அகில இந்திய வானொலி 1938 முதலும் அப்பணியைத் தொடர்ந்தன. சிலர் கூடி இட்ட வித்து அவ்வாறு நிலைத்தது.

நம் கல்லூரியிலும் அத்தகைய சிறு கழகமொன்று அமைத்தல் அரிதன்று. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, திருப்புளி ஒன்று, யுஎஸ்பி வைஃபைக் கருவி ஒன்று, பென் டிரைவ் ஒன்று. இயற்பியல் மாணவர் கருவியை நோக்குக. கணினித் துறையார் மென்பொருளை நோக்குக. குறிப்பேட்டை எழுதும் பணியைத் தமிழ் மாணவராகிய நாம் ஏற்போம். ஒருவர் கண்ட காரணம் அடுத்த ஆண்டு வருவார்க்கு ஏட்டில் கிடைக்கும். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் இதற்கு ஓரறையும் சிறு பொருளும் உதவுவாராக. கடன்பட்டுப் பலகையை மாற்றும் நிலை நம் தோழர் ஒருவர்க்கேனும் தவிர்ந்தால், அம்மேசை தன் பயனை எய்தியதாகும்.