சில்லில் என்ன சிறுமை?

தண்ணீரூற்று மாணவருக்கு உதவ விழையும் புலம்பெயர் அன்பர்களே, 26 அங்குலச் சில்லுடைய ‘மவுண்டன்’ சைக்கிள்களை வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியின் விறகும் நெல்லும் நோயாளரும் பயணித்தது 28 அங்குலச் சில்லுகளிலேதான். செய்தி தேடி நானும் அதிலேதான் அலைந்தேன். சிறிய சில்லு இறங்கி முட்டும் குழியைப் பெரியது மேவிச் செல்லும். மணலில் அகன்ற ரயரே மேல், ஒப்புகிறேன். பிள்ளைகள் செல்வதோ தார் வீதியிலும் கிரவல் ஒழுங்கையிலும். பல்வைத்த ரயர் தாரில் காலின் வலுவையல்லவா உறிஞ்சுகிறது!

மேலைநாட்டார் இந்நூற்றாண்டில் புதுமையென விற்ற 29 அங்குலச் சில்லின் றிம் விட்டம் 622 மில்லிமீற்றர். நம் பழைய றலியின் 28 அங்குலச் சில்லுக்கோ 635! எது பழமை, எது புதுமை?

கால் எட்டாதென்பீர்கள். குறுக்குச் சட்டமற்ற பெண்கள் சைக்கிள் எதற்கு இருக்கிறது? வாங்குமுன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?