முடவாட்டுக்கால் சூப்: குடிக்கிறோம் சரி, வளர்ப்பது யார்?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலை போனவர்கள் செம்மேட்டில் முடவாட்டுக்கால் சூப்பைத் தவறவிட மாட்டார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்ற பேச்சு யூடியூபில் பரவ, இப்போ ஆன்லைனிலும் கிடைக்குது.

கிழங்கு என்று சொன்னாலும் இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு. பெரணிக்கு விதை கிடையாது. இலைக்கு அடியில் இருக்கும் ஸ்போர் விழுந்துதான் முளைக்கணும். பறிக்கிற அளவுக்குப் பருக்க ஆண்டுகள் பிடிக்கும். பிடுங்க ஒரு நிமிஷம் போதும்.

தடை போட்டால் தீருமா? தீராது. மலைவாழ் மக்களின் வருமானம்தான் போகும்.

இங்கேதான் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம் தேவைப்படுது. பூங்கா வேறு, இது வேறு. எந்தச் செடி எந்தக் காட்டிலிருந்து எப்போது வந்தது என்ற பதிவு இங்கே இருக்கும். காட்டில் அழிந்தாலும் திரும்ப நடத் தாய்ச்செடி மிஞ்சும். கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தேஞ்ஞிப்பாலம் வளாகத் தோட்டத்தில் இஞ்சிக் குடும்பச் செடிகளை இப்படித்தான் காக்கிறது.

நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருப்பது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில். வனத்துறையோடு சேர்ந்து அது நாற்று வளர்த்துக் கொடுத்தால், மிளகுக்கொடி ஏறும் மரங்களிலேயே மக்கள் இந்தப் பெரணியையும் வளர்க்கலாம். சூப்பும் கிடைக்கும், காடும் பிழைக்கும்.