கோவிலை விட்டு ஊரை எடுத்தவர்கள்

எங்கள் மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரைப் பண்ணைத் தொழிலுக்கென வெட்டியெடுத்த 2024 மே மாத வர்த்தமானியை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆனாலும் எங்கள் கோபம் ஆறவில்லை. 2016இல் 29,180 ஹெக்டேயர் ஒதுக்கமானது. எட்டே ஆண்டுகளில் அதே கண்டற்கரையில் இறால் வளர்க்க இடம் தேடினார்கள். ஒதுக்கும்போது நண்டு பிடிப்பவரை யார் கேட்டார்கள்? வெட்டும்போதுதான் யார் கேட்டார்கள்?

காணி போனால் தொழில் மட்டும்தான் போகும் என்று நினைக்கிறார்கள். அதே மாவட்டத்து முள்ளிக்குளத்தைப் பாருங்கள். 2007 செப்டெம்பரில் ஊர்ச் சனத்தை வெளியேற்றினார்கள். போர் முடிந்தும் ஊர் கடற்படை முகாமாகவே நின்றது. கோவில் வேலிக்கு உள்ளே, சனம் மலங்காட்டுக் கொட்டிலில். பூசைக்குப் போக விடுகிறோமே என்பது ஒரு பதிலா? எங்கள் கரையில் திருநாள் என்றால் கொடியேற்றம், நவநாள், கூடு சுற்றிவரும் ஒழுங்கை, அயலூர்ச் சொந்தங்கள் வந்து படுக்கும் திண்ணை. வீடில்லாதவர் எந்தத் திண்ணையில் பாய் விரிப்பார்? சேமக்காலையில் கிடக்கும் தகப்பனுக்கு நினைத்த நேரத்தில் மெழுகுதிரி கொளுத்த முடியாத மகனுக்குக் கோவில் திறந்திருந்து என்ன? இது அப்புவின் கரைவலைப் பாடு, இது பெரியப்புவின் பாடு என்று கடற்கரையைக் காட்டிச் சொல்ல முடியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

முள்ளிக்குளத்தார் ஒரு மாதத்துக்கு மேல் தெருவில் குந்தியிருந்த பிறகுதான் 2017 ஏப்ரல் 29இல் நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார்கள். வீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு காணி தருகிறோம் என்பது கொடுமை.

அதற்கு முந்திய மாதம் நடந்ததும் மறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் புலிகளால் துரத்தப்பட்டு, புத்தளத்து முகாம்களில் காலம் கழித்துத் திரும்பிய முசலி முஸ்லிம்களின் மண்ணையும் சேர்த்து மாவில்லு வன ஒதுக்கம் என்றார்கள். அந்த வர்த்தமானிக்கு அப்போதைய ஜனாதிபதியின் கையொப்பம் விழுந்தது மொஸ்கோவில்! பள்ளிவாசலைச் சுற்றி மீண்டும் ஊர் எழும்ப வேண்டிய இடம் ஒரே நாளில் காடானது.

இந்தப் பழக்கம் பழையது. இறந்த உறவினரை நே யக்கு என்று காட்டில் அழைத்து வணங்கிய வேடர், 1983இல் மாதுரு ஓயா தேசிய பூங்கா ஆனதும் சொந்தக் காட்டிலேயே குற்றவாளிகளானார்கள். வேட்டையை மட்டுமா பறித்தார்கள்? அழைத்தால் வரும் முன்னோரின் இடத்தையும் பறித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக இதைப் பார்த்தும் பாடம் படிக்காதவர்களை என்னவென்று சொல்வது?

ஊரைக் கேட்காமல் ஊரின் காணியில் கை வைக்காத ஓர் ஒழுங்கு வேண்டும். அது எப்படி என்பதை ஆட்சியாளர்கள் யோசிக்கட்டும். அடுத்த வர்த்தமானியை எழுதுமுன் ஒருமுறையாவது விடத்தல்தீவு இறங்குதுறைக்கு வந்து நிற்கட்டும்.