நாற்காலிக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும்

டில்லி மாநகரின் சாந்தினி சவுக் பகுதியில் பராட்டேவாலி கலி என்னும் பெயருடைய குறுகிய சந்து ஒன்று உண்டு. அங்கே பராட்டாவைக் கல்லில் வாட்டுவதில்லை. வாணலியில் காயும் நெய்யில் அமிழ்த்திப் பொரித்தெடுக்கின்றனர். அச்சந்துக்கு வெளியே நகரெங்கணும் ஜிலேபியும் சமோசாவும் பட்டூராவும் பொழுது விடிந்தது முதல் பொரிந்த வண்ணம் இருக்கின்றன. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் உள்ள தென்னாட்டு விடுதிகளில் வடையும் பூரியும் அவ்வாறே. இத்தனை வாணலிகளில் ஏதேனும் ஒன்று தீப்பற்றிக்கொண்டால் அதனை எதைக் கொண்டு அணைப்பது? இக்கேள்விக்கு விஞ்ஞானம் தெளிவான விடை கண்டிருக்கிறது. அவ்விடை எந்த அடுப்படிகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

தமிழ் வழக்கில் நீர் கொதிக்கிறது, எண்ணெய் காய்கிறது. இவ்விரு சொற்களின் வேற்றுமை பொருள் பொதிந்தது. நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கத் தொடங்கினால், அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதன் உஷ்ணநிலை மேலே ஏறுவதில்லை. எண்ணெய்க்கு அத்தகைய எல்லை கிடையாது. பலகாரம் பொரிவதற்கு 160 முதல் 190 டிகிரி வரை போதும். ஆனால் அடுப்பைத் தணிக்க மறந்துவிட்டால் எண்ணெய் மேலும் மேலும் காய்ந்து முதலில் புகைவிடும். ஏறத்தாழ 360 டிகிரியையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டியதும், வெளியிலிருந்து ஒரு பொறியும் படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். விறகின் தீயைப் போலவோ பெட்ரோலின் தீயைப் போலவோ இதனைக் கருதலாகாது. இங்கே எரிபொருள் முழுவதுமே பற்றும் நிலைக்குச் சூடேறி நிற்கிறது. சுவாலையை ஒரு கணம் அடக்கிவிட்டாலும், எண்ணெயின் சூடு தணியாதவரை அது மீண்டும் பற்றும்.

இத்தீயின்மேல் நீரை ஊற்றுவது பெருந்தவறு. நீர் எண்ணெயைக் காட்டிலும் கனமானது. ஆதலால் அடியில் அமிழ்ந்து, அக்கணமே ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. அவ்விரிவு எரியும் எண்ணெயை வாணலியிலிருந்து நாற்புறமும் வீசியெறிகிறது. கரியமிலவாயுவோ சுவாலையை அடக்கும், எண்ணெயைக் குளிர்விக்காது. பல விடுதிச் சுவர்களில் தொங்கும் சிவப்புக் குப்பிகளில் அம்மோனியம் பாஸ்பேட்டு கலந்த உலர்தூள் அடங்கியிருக்கிறது. மரத்துக்கும் துணிக்கும் மின்சாதனங்களுக்கும் அது ஏற்றதே. ஆனால் வாணலித் தீயில் அதன் வேகமான பாய்ச்சல் எண்ணெயைச் சிதறடிக்கக்கூடும். தூள் படிந்த பிறகும் எண்ணெய் காய்ந்தபடியே இருக்கும். குப்பி இருக்கிறது என்னும் நிம்மதியுடன் சமையற்காரர் அதனைக் கையிலெடுத்து ஏமாந்து போவதற்கு இதுவே காரணம்.

ஈர இரசாயன முறை இவ்விரு குறைகளையும் நீக்குகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் சிட்ரேட் ஆகிய உப்புகளுள் ஒன்றையோ பலவற்றையோ நீரில் கரைத்து, மெல்லிய திவலைகளாகத் தூவுவதே இம்முறை. காரத்தன்மையுள்ள அக்கரைசல் சூடான எண்ணெயின் மேற்பரப்பைத் தொட்டதும் அதனோடு சேர்ந்து சவுக்காரமாக மாறுகிறது. சோப்புத் தொழிற்சாலைகளில் எண்ணெயையும் காரத்தையும் கூட்டிச் செய்யும் அதே மாற்றம் வாணலியின் மேற்பரப்பில் நிகழ்கிறது. நுரைத்த சவுக்காரப் படலம் போர்வைபோல் படர்ந்து பிராணவாயுவைத் தடுக்கிறது. எண்ணெய் ஆவி மேலெழாமல் மூடுகிறது. கரைசலிலுள்ள நீரோ நுண்திவலைகளாக இருப்பதால் அடியில் அமிழாமல் மேலேயே ஆவியாகி, எண்ணெயின் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. ஊற்றினால் பகையாகும் நீர் தூவினால் துணையாகிறது. இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அமிலத்தன்மையுடைய அம்மோனியம் பாஸ்பேட்டுத் தூளை அதே தீயில் தூவினால் இச்சவுக்காரப் போர்வை கெட்டுவிடும்.

பெரிய சமையற்கூடங்களில் இக்கரைசலைக் கலத்தில் நிரப்பி, புகைக்கூண்டின் அடியிலும் புகைக்குழாயினுள்ளும் தூவுமுனைகளைப் பொருத்துகின்றனர். குறித்த உஷ்ணநிலையில் உருகும் உலோக இணைப்பு ஒன்று கூண்டினுள் கம்பியை இழுத்துப் பிடித்திருக்கும். தீ எழுந்ததும் அது உருகி அறும்; கம்பி தளர்ந்து கரைசல் பாயும்; அதே கணத்தில் எரிவாயுக் குழாயின் வால்வும் தானே மூடிக்கொள்ளும். இதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை. ஆள் ஒருவர் அருகிலிருக்க வேண்டும் என்பதும் இல்லை. தவிர, சமையற்காரர் கையால் இயக்குவதற்கு வெளியேறும் வழியருகே ஒரு பிடியும் அமைந்திருக்கும்.

இம்முறை பரவிய வரலாறு நம் நாட்டார்க்குச் சிறப்பாகப் பயன்படுவது. அமெரிக்க விடுதிகளில் நெடுங்காலம் மிருகக் கொழுப்பே பொரிப்பதற்குப் பயன்பட்டது. சோடியம் பைகார்பனேட்டுத் தூளே அக்கொழுப்போடு சேர்ந்து ஓரளவு சவுக்காரமாகித் தீயை அடக்கியது. பின்னர் உடல் நலங்கருதி அவர்கள் தாவர எண்ணெய்க்கு மாறினர். தாவர எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் குறைவு. தானே தீப்பற்றும் உஷ்ணநிலையும் உயர்வு. சூட்டை எளிதில் இழக்காத புதிய பொரிப்புக் கலங்களும் வழக்கத்துக்கு வந்தன. பழைய தூள் பயனற்றுப் போயிற்று. இதன் விளைவாக அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் என்னும் சோதனை நிறுவனம் 300 என்னும் எண்ணுடைய கடுமையான சோதனை முறையை 1994 நவம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அந்நாட்டில் 1998-இல் சமையல் எண்ணெய்த் தீ தனி வகுப்பாக்கப்பட்டது. சர்வதேசத் தர நிர்ணயமும் 2007-இல் அதற்கு எஃப் என்னும் தனி வகுப்பை அளித்தது.

மேல்நாட்டார் தாவர எண்ணெய்க்கு மாறிய பின்னரே இவ்வபாயத்தை முற்றும் உணர்ந்தனர். நம் நாட்டிலோ வடக்கே கடுகெண்ணெயும், மேற்கே கடலை எண்ணெயும், தெற்கே நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தொன்றுதொட்டு அடுப்பேறியவை. நெய் நீங்கலாக, நம் வாணலிகளில் பெரும்பாலும் காய்வது தாவர எண்ணெயே. அவர்களுக்குப் புதிதாக வந்த இடர் நமக்கு என்றும் உள்ள இடர். ஆகவே, மேல்நாட்டு விடுதிகளுக்கு உரிய ஆடம்பரச் சாதனம் இது என்று கருதுவதற்கு இடமேயில்லை.

இனி, இச்சாதனம் யாருக்கு வேண்டும் என்பதை எவ்வாறு நிர்ணயிப்பது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஐம்பது பேருக்குக் குறையாமல் கூடும் இடத்தையே மக்கள் கூடும் கட்டடம் என்று வகுக்கிறது. டில்லியில் உணவு விடுதிகளிடம் தீயணைப்புத் துறைச் சான்று கேட்பதும் நெடுங்காலமாக ஐம்பது இருக்கை என்னும் எல்லையைத் தழுவியே நடந்து வந்திருக்கிறது. இக்கணக்கு பொருளற்றதன்று. ஆபத்துக் காலத்தில் எத்தனை பேர் வெளியேற வேண்டும், அதற்கு எத்தனை வழிகள் வேண்டும் என்பதை அளக்க அதுவே ஏற்றது. ஆனால் தீ எங்கே தோன்றும், எவ்வளவு வலிமையுடன் தோன்றும் என்பதை நாற்காலிகள் சொல்ல மாட்டா.

ஒரு விடுதியில் நூறு நாற்காலிகள் இருக்கலாம். அங்கே காப்பியும் இட்டிலியும் மட்டுமே விற்கலாம். மற்றொரு கடையில் நாற்காலியே இல்லாதிருக்கலாம். வந்தோர் நின்றபடியே உண்டு செல்வர். உள்ளே மூன்று அடுப்புகளில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். முன்னதைக் காட்டிலும் பின்னதே எண்ணெய்த் தீக்கு இலக்கானது. இக்காலத்தில் வீடு தேடி உணவு அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட சமையற்கூடங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் உண்போர் எவரும் அமர்வதில்லை. நாற்காலிக் கணக்கில் அவை சூனியம். எண்ணெய்க் கணக்கிலோ பெரிய விடுதிகளுக்கு இளைத்தவை அல்ல. மாடியில் குடும்பங்கள் வாழும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அத்தகைய சமையற்கூடம் அமைந்தால், அதன் அபாயத்தில் பங்கு கொள்வோர் அங்கு உண்ணாதவர்களே.

சமையற்கூடத்தின் தீ சமையற்கூடத்தோடு நிற்பதில்லை என்பதைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் தோன்றிய நெருப்பு கூரை வேய்ந்த வகுப்புகளுக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அது வாணலித் தீயன்று. ஓலைக்கூரையும் ஒடுங்கிய வழிகளும் விளைத்த கேடு. எனினும் அடுப்பின் அபாயத்தை அடுப்பருகே நிற்பவரைக்கொண்டு மட்டும் அளக்கலாகாது என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே நாற்காலிக் கணக்கோடு எண்ணெய்க் கணக்கும் வேண்டும். ஒரு கூரையின்கீழ் ஒரே வேளையில் காயும் எண்ணெய் எத்தனை லிட்டர், அடுப்புகள் எத்தனை, புகைக்குழாய் எவ்வளவு நீளம், மேலே யார் வசிக்கின்றனர் என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். எல்லோர்க்கும் ஒரே சாதனம் என்று விதிப்பதும் முறையன்று. ஒற்றை வாணலி வைத்துப் பிழைப்பவர்க்கு, கலத்தை முற்றும் மூடும் உலோக மூடியும், சுவாலைக்கு அப்பால் நின்று அடைக்கக்கூடிய எரிவாயு வால்வும், ஈர இரசாயனம் அடங்கிய கைக்குப்பி ஒன்றும் போதுமானவை. தீ சிறிதாயிருக்கையிலேயே அடுப்பை அடைத்து மூடியிட்டு, எண்ணெய் ஆறும்வரை திறவாதிருத்தல் எந்த இயந்திரத்துக்கும் குறையாத காப்பு. எரியும் வாணலியைத் தூக்கிச் செல்ல முற்படுதல் கூடவே கூடாது. பல கலங்களும் புகைக்கூண்டும் உள்ள இடத்துக்குத் தானியங்கி முறை கட்டாயமாதல் வேண்டும்.

செலவு மிகுதி என்னும் மறுப்பு எழக்கூடும். அதில் உண்மை இல்லாமலில்லை. சிறு கடைக்காரர் தாங்கமாட்டாத சாதனத்தை விதித்தால் சான்றிதழ் மட்டுமே வாங்கப்படும். சாதனம் வேலை செய்யாது. தூவுமுனைகளில் பிசுக்குப் படியும். உருகு இணைப்பு எண்ணெய்ப் புகையால் மூடப்படும். ஆதலின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தேர்ந்தோர் அதனைச் சோதிக்க வேண்டும் என்பது பிறநாட்டு விதி. பராமரிப்பில்லாத சாதனம் ஒன்றுமில்லாததைவிடத் தீயது. அது பொய்யான துணிவை அளிக்கிறது. எனினும் இம்மறுப்பு செலவைக் குறைக்கும் வழியை நாடுவதற்குக் காரணமாகுமேயன்றி, வாளாவிருப்பதற்குக் காரணமாகாது.

அவ்வழியில் நம் ஆராய்ச்சிக்கூடங்கள் செய்ய வேண்டிய பணி ஒன்று காத்திருக்கிறது. ஒவ்வொரு தூவுமுனையும் எவ்வளவு அகன்ற கலத்தை, எந்த உயரத்திலிருந்து காக்கவல்லது என்பது சோதனையால் வரையறுக்கப்படுவது. அச்சோதனைகளுக்கு அடிப்படையானவை மேல்நாட்டுப் பொரிப்புக் கலங்களும் அடுப்புகளுமே. மிட்டாய்க் கடையின் அகன்ற கடாய், திருமணக் கூடத்தின் பேரடுப்பு, கடுகெண்ணெயின் இயல்பு, புகைக்கூண்டே இல்லாத திறந்த கடைமுகப்பு ஆகியவை அவற்றிலிருந்து வேறுபட்டவை. கரியோ விறகோ எரியும் அடுப்புக்கு அடைப்பதற்கு வால்வும் இல்லை. கரைசல் தூவிய பின்னும் அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டேயிருக்கும். ரூர்க்கியில் 1947-இல் நிறுவப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையமும், டில்லி திமார்பூரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் இயங்கும் தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையமும் தீ பற்றிய ஆராய்ச்சியில் தேர்ச்சி பெற்றவை. நம் கடாய்களிலேயே நம் எண்ணெயைக் காய்ச்சிச் சோதித்து, சிறு கடைக்கும் எட்டும் விலையில் எளிய அமைப்பொன்றை வகுப்பது அவற்றின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கரைசலுக்கு வேண்டிய பொட்டாசியம் உப்புகள் அரியவை அல்ல.

முதற்படியை அரசாங்கமே எடுத்து வைத்தல் பொருந்தும். தலைநகரின் செயலகங்களிலும் மருத்துவமனைகளிலும் மாணவர் விடுதிகளிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர்க்கு உணவு சமைக்கப்படுகிறது. அங்கே தூளுக்குப் பதிலாக ஈர இரசாயனக் குப்பியை மாட்டி, அடுப்பருகே பணிபுரிவோருக்கு அதனைக் கையாளக் கற்பித்தால், பிறரைக் கட்டாயப்படுத்தும் தகுதி அரசுக்கு வரும். கற்பித்தல் அதிகாரிகளுக்கன்று, கரண்டி பிடிப்போர்க்கே முதலில் வேண்டுவது. தீ எழும் கணத்தில் அங்கு நிற்பவர் அவரே. எண்ணெய் காய்வதை நாள் முழுதும் கவனித்திருக்கும் அவருடைய பாதுகாப்பு, உண்பவர் அமரும் நாற்காலிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைவது நீதியாகாது.