பூஜ்யம் என்று எழுதிவிட்டால் போதுமா?

குழந்தைகள் மீது நடக்கும் வன்முறையை ஒழிப்பதற்கு ஆய்வுக் கூட்டம், திட்டமிடும் கூட்டம் என்றெல்லாம் பேப்பரில் செய்தி வரும். நம் வயதுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். கலெக்டர் ஆபீஸில் நடக்கிற காரியம், டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், நமக்கு அதில் என்ன வேலை என்று நினைப்போம். நமக்கு வேலை இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் சுகாதாரத் துறையில் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுகிற புத்தி இன்னும் போகவில்லை. அந்தப் புத்தியோடுதான் இதையும் பார்க்கிறேன்.

முதலில் பெரிய கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். உலகம் முழுவதும் குழந்தைகள் படும் அடி, உதை, கொடுமை பற்றி ஐ.நா. சபை ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2006-ல் அறிக்கை கொடுத்தது. அதற்காக 2005-ல் நம் தெற்காசிய நாடுகள் இஸ்லாமாபாத்தில் கூடின. அதிலிருந்து ஒரு வட்டார அமைப்பும் உருவானது. அதன் தலைமை அலுவலகம் காத்மாண்டுவில் இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் என்று சார்க் நாடுகள் எட்டும் அதில் உறுப்பினர்கள். மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாத நாடுகள் இதில் ஒன்றாக உட்கார்ந்தன என்பதே பெரிய சங்கதி. அவர்கள் முக்கியம் என்று எடுத்துக்கொண்ட விஷயங்கள் ஐந்து. குழந்தைத் திருமணம், பாலியல் கொடுமை, குழந்தைக் கடத்தல், குழந்தைத் தொழிலாளர், பள்ளியிலும் வீட்டிலும் அடிப்பது.

இந்த ஐந்தையும் பார்க்க காத்மாண்டு போக வேண்டியதில்லை. ஏற்காடு மலை அடிவாரத்தில் நம்ம கொண்டப்பநாயக்கன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சேலம், நாமக்கல் பக்கம் ஒரு சுற்றுப் பார்த்தாலே போதும். தறிப் பட்டறை, கொலுசுப் பட்டறை, செங்கல் சூளை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம். எல்லாம் கண் முன்னால்தான் இருக்கின்றன.

இனி நம்ம மாவட்டத்தின் கதைக்கு வருகிறேன். இதில் நாம் தலை குனிய வேண்டியதும் இருக்கிறது, தலை நிமிர வேண்டியதும் இருக்கிறது.

1980-களில் உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதே காரியம் சேலம், தருமபுரியிலும் நடந்தது என்பது நம் தலைமுறைக்குத் தெரியும். கள்ளிப்பால், நெல்மணி என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. 1992-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் சேலத்தில்தான் தொடங்கி வைத்தார். வேண்டாம் என்று நினைக்கிற குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், பெயர் கேட்கமாட்டோம் என்பதுதான் திட்டம். பெற்றவர்கள் குழந்தையைக் கைகழுவ அரசாங்கமே வழி காட்டலாமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தத் தொட்டிலில் உயிர் பிழைத்த பிள்ளைகள் இன்று எங்கேயோ முப்பது வயதுப் பெண்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

தொட்டிலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டை யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணியையும், பிறந்த ஒவ்வொரு குழந்தையையும், இறந்த ஒவ்வொரு குழந்தையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம நர்ஸ்கள் எழுதி வைத்தார்கள். குழந்தை எதனால் இறந்தது என்ற கட்டத்தில் சில இடங்களில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருப்பார்கள். படிப்பவர்களுக்கு அர்த்தம் புரியும். 1990-களின் நடுவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் எந்தெந்த மாவட்டத்தில் இந்தக் கொடுமை அதிகம் என்று கட்டுரை எழுதினார்கள். அதுவரை ‘அப்படியெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க’ என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 851 பெண். 2011-ல் அது 916. இதற்குத் தொட்டில், ஸ்கேன் சட்டம், போலீஸ் வழக்கு, உதவித் தொகை, பெண்கள் படித்தது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நர்ஸ் வீடு வீடாக நடந்து போய் எழுதிய கணக்கு இருந்தது. 916 என்பதும் மாநிலச் சராசரியான 943-ஐவிடக் குறைவுதான். ஸ்கேன் சென்டர்களில் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால் அதற்குப் பிறகு நிலைமை எப்படி என்று சொல்ல அதே மாதிரியான கணக்கு கையில் இல்லை.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். எந்தக் கொடுமையை ஒரு ஆள் ஊருக்குள் நடந்து போய்க் கணக்கு எடுத்தாரோ, அந்தக் கொடுமை குறைந்தது. கணக்கு எடுக்க ஆள் இல்லாத கொடுமை அப்படியே இருக்கிறது.

மற்ற கொடுமைகளுக்குக் கணக்கு எங்கே? 2007-ல் மத்திய அரசு ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு குழந்தை அடி வாங்குகிறது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருக்கிறார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். அந்த 13-ல் தமிழ்நாடு இல்லை. அதனால் நம்மூரில் அப்படி இல்லை என்று சொல்லிக்கொள்ள நமக்கு வசதியாகப் போய்விட்டது.

சட்டம் வேண்டிய அளவு இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, போக்சோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015. ஊருக்கு ஊர் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம நர்ஸ் ஆகியோரோடு ஊர்ப் பெரியவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பிள்ளைகளின் பிரதிநிதிகளும் உண்டு. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்ப்போம்.

குழு கூடினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேலே அனுப்பும் அறிக்கையில் ‘குழந்தைத் திருமணம்: பூஜ்யம். பாலியல் புகார்: பூஜ்யம்’ என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. ஐந்து என்று எழுதினால் ஏன் ஐந்து, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேள்வி வரும். பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், பூஜ்யத்தைப் பாராட்டுகிற அதிகாரிக்குப் பூஜ்யம்தான் கிடைக்கும். ஒரு ஊரில் புகார் வருகிறது என்றால் அங்கே குழந்தைகள் வாய் திறக்கிறார்கள், கேட்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்காகப் பூஜ்யம் காட்டுகிற ஊருக்குத்தான் முதலில் ஜீப்பை அனுப்ப வேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் இந்த ஒரு மாற்றம் வந்தாலே பாதிக் காரியம் நடக்கும்.

மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் கூப்பிடுவது நம்மைப் போன்ற பெரியவர்களைத்தான். சில வருடங்களுக்கு முன் தெரிந்த வீட்டில் என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெண் குழந்தையிடம் சொந்தக்காரர் ஒருவர் தப்பாக நடந்திருக்கிறார். “அண்ணா, கோர்ட்டு கேசுன்னு போனா புள்ள பேரு கெட்டுப் போயிருங்க. நீங்க பெரியவங்க, பேசி முடிச்சு வுட்ருங்க” என்றார்கள். இது பேசி முடிக்கிற விஷயம் இல்லை, 1098-க்குப் போன் போடுங்கள், நீங்கள் போடாவிட்டால் நான் போடுகிறேன் என்றேன். அவர்கள் போட்டார்கள். அந்தப் பிள்ளை படிப்பை விடவில்லை. அந்தச் சொந்தத்தில் ஒரு பாதி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. விசேஷத்துக்குப் பத்திரிகையும் வருவதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க நம் வயதுக்காரர்களால்தான் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நமக்கு இனி யாரிடமும் பெண் எடுக்க வேண்டியதில்லை, கடன் கேட்க வேண்டியதில்லை.

போக்சோ சட்டத்தில் பலருக்குத் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. குழந்தைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்த எவரும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. பேசி முடித்து வைக்கிற பெரியவர் இந்தச் சட்டப்படி குற்றத்தை மறைத்தவர் ஆகிவிடுவார்.

பிள்ளை பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் பத்திரிகையில் வெளியிடக்கூடாது. போலீஸ் யூனிபார்ம் இல்லாமல் வந்து, வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடிய வரையில் பெண் சப்-இன்ஸ்பெக்டர்தான் வர வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நடக்காத இடத்தில் இப்படிச் சட்டம் இருக்கிறதே என்று கேட்க, தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் நடக்கும்.

அடுத்தது கல்யாணம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைய வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். நடத்தி வைப்பவருக்கும் துணை போகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்பது பலருக்குத் தெரியாது. ஜாதகத்தில் பிறந்த தேதி பார்க்கிற ஜோசியரும், பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்காரரும், மண்டபம் விடுகிறவரும், சமையல்காரரும் முதலில் ஆதாரமோ பிறப்புச் சான்றோ கேட்டுப் பார்க்கட்டும். அரசாங்கம் 2022-ல் புதுமைப்பெண் திட்டம் கொண்டுவந்து, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. கட்டிக் கொடுத்தால் பாரம் குறையும் என்று நினைக்கிற வீட்டில் இதைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

கடைசியாக அடி. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரம்படிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் தடை போட்டது. நேபாளம் 2018-ல் வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. ‘நாங்க வாங்காத அடியா, நல்லாத்தானே இருக்கோம்’ என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அடிக்குப் பயந்து நாலாவதோடும் ஐந்தாவதோடும் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நம் கூட்டாளிகள் எத்தனை பேர்? அவர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

என் யோசனை எளிமையானது. வருடத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின வாரம் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடட்டும். கூட்டத்தில் ஐந்து எண்களை மட்டும் வாசிக்கட்டும். பெயர் வேண்டாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை? பட்டறைக்கும் சூளைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை? தடுத்த கல்யாணம் எத்தனை? 1098-க்கும், பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்கும் ஊரிலிருந்து போன அழைப்புகள் எத்தனை? வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை, அவர்களில் பள்ளியில் சேர்ந்தவர்கள் எத்தனை?

முதல் தடவை யாரிடமும் எண் இருக்காது. இரண்டாவது தடவை பூஜ்யம் வாசிப்பார்கள். மூன்றாவது தடவையும் யாராவது ஒருவர் எழுந்து கேட்டால், நாலாவது தடவை உண்மையான எண் வரும். அந்த ஒருவர் பேரன் பேத்தி எடுத்த ஆளாக இருந்தால் யாரும் அவரை உட்காரச் சொல்ல முடியாது. அடுத்த கிராம சபைக்கு நான் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள்.