கூட யாரு இருக்கீங்க?

சிதம்பரம் வழியா போற பாசஞ்சர்ல அடிக்கடி பார்த்த முகம். தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணி காசு வாங்கிட்டுப் போவாங்க. அறுபதுக்கு மேல இருக்கும். சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்க்க கடலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, அதே திருநங்கை வராண்டாவில் சக்கர நாற்காலியில் இருந்தாங்க. பக்கத்துல கஞ்சித் தூக்கோட இன்னொரு இளம் திருநங்கை.

"கூட யாரு இருக்கீங்க?"

"நாந்தான். மக."

"சொந்தக்காரங்க யாரும் வரலையா?"

அந்தப் பொண்ணு பேசலை. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

வீட்டை விட்டுத் துரத்தின பிள்ளையை ஜமாத்துல ஒரு மூத்தவங்க மகளா எடுத்துக்குவாங்க. சோறு போட்டு, ஆபரேஷன் ஆனா 40 நாள் பக்கத்துலயே இருந்து பார்த்துக்குவாங்க. அவங்களுக்கு வயசானா மக கடை கேட்டுக் கொண்டுவந்து கஞ்சி ஊத்தணும். பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் இதுதான்.

ஆனா சட்டத்துக்கு இந்த மக கண்ணுல படலை. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அவங்க இல்லாட்டி சொத்துக்கு வாரிசாகுற உறவினர்னு சொல்லுது. சரி, திருநங்கைகளுக்குன்னே 2019-ல் வந்த சட்டமாவது? அதுலயும் குடும்பம்னா ரத்த உறவு, கல்யாணம், சட்டப்படி தத்து, அவ்வளவுதான்னு எழுதினாங்க. துரத்தி விட்டவங்க குடும்பம், கஞ்சி ஊத்துறவ யாரோ!

தமிழ்நாடு நல்லதும் செஞ்சிருக்கு, மறுக்கலை. 2008-லயே நல வாரியம் வந்துச்சு. 40 வயசு தாண்டின ஆதரவற்ற திருநங்கைகளுக்கு 2012-ல் மாசம் 1000 ரூபாய் உதவித்தொகை ஆரம்பிச்சு, அப்புறம் 1500 ஆச்சு. ஆனா பணம் ராத்திரி முழிச்சு உட்கார்ந்து முதுகு தடவி விடாதே.

நம்மளைச் சொல்லணும். லிவிங் ஸ்மைல் வித்யா நம்ம கூடவே வலைப்பதிவு எழுதினவங்க. 2007-ல் 'நான், வித்யா' வந்தப்ப எல்லாரும் படிச்சோம். சித்திரையில 'மிஸ் கூவாகம்' யாருன்னும் பார்க்குறோம். வயசானவங்க பக்கம் யாரு திரும்புறோம்? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக சமூகப்பணித் துறைக்காரங்க 2011-ல் வெளியிட்ட ஆய்வுலகூட 2560 முதியோர்ல மாறிய பாலினத்தவர் 174 பேர்தான்.

வழி இல்லாம இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உறவே இல்லாத ஒருத்தரையும் 'இவர்தான் என் பிரதிநிதி'ன்னு எழுதிக் கொடுக்கலாம். அதையே எல்லா வார்டுக்கும் கொண்டுவந்தா என்ன? வாயால சொன்னா நம்ப மாட்டீங்கன்னா எழுதி வாங்கிக்குங்க. ஒரு தாள்தானே.